ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கும் உட்கார வைத்தவர்களுக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊர்த்தெரு, காலனி சபையாருக்கும், வந்து கைகொடுத்த மற்ற மத நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்து 300 பேர் ஒரே பந்தலில் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டது உங்கள் உழைப்பால். வேலூர்ப் பக்கம் வேறு சபைகளும் செய்ய நினைத்தால் உதவட்டும் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, முந்தின ராத்திரி வெங்காயம் உரித்தவர்களுக்கு. சமபந்தி நடக்குமா நடக்காதா என்பது அடுப்படியிலேயே தெரிந்துவிடும். ஒரு தெருக்காரர் மட்டும் சமைத்தால், அடுத்த தெருக்காரர் "வயிறு சரியில்லை" என்று மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால்தான் ஒவ்வொரு பிரியாணி டேக்சாவுக்கும் இரண்டு தெரு ஆளும் நின்றீர்கள். கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் கணக்கு. 10 கிலோ சீரகச் சம்பா, 10 கிலோ ஆட்டுக்கறி வீதம் மூன்று டேக்சா. சீரகச் சம்பா சீக்கிரம் குழையும். முக்கால் பதத்தில் வடித்து, மூடிமேல் தணல் போட்டு தம் கட்டிய கைகளுக்கு நன்றி. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை மூட்டையாகத் தோட்டத்திலிருந்தே கொடுத்த விவசாயிக்கும் நன்றி. தொடுகறிக்கு அதைவிட ருசியான காய் கிடையாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி வைத்தோம். தனிப் பந்தி வைக்கவில்லை. சைவப் பந்தி என்று ஒன்று வைத்தால் கொஞ்ச நேரத்தில் அது சாதிப் பந்தியாகிவிடும். அதைப் புரிந்துகொண்டு, பிரியாணி போட்ட இலைக்குப் பக்கத்திலேயே முகம் சுளிக்காமல் உட்கார்ந்த பெரியவர்களை மறக்க மாட்டோம்.

யார் எந்த இலையில் உட்கார வேண்டும் என்று டோக்கன் கொடுத்த வாலிபர் சங்கத்தாருக்கு விசேஷ நன்றி. கோயில் வாசலில் கொடுத்தால் பந்தல் போய்ச் சேருவதற்குள் மாற்றிக்கொள்வார்கள். கூடையில் கலக்கி, இலைக்கு முன்னால் வைத்துக் கொடுத்ததால் மாற்ற நேரமில்லை. கைக்குழந்தை மட்டும் தாயோடு. பந்திக்கு 100 பேர், 25 இலையாக நான்கு வரிசை. ஆயரும் கமிட்டியாரும் ஒரே இடத்தில் கூடாமல் மூன்று பந்தியிலும் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

பார்சல் கேட்டவர்களுக்கு மறுத்தது மனவருத்தம் தந்திருக்கும்; மன்னியுங்கள். பந்தியைத் தவிர்க்கச் சுலபமான வழி தூக்குவாளிதான். படுக்கையில் கிடப்பவர்களுக்கு மட்டும், தெருவுக்கு ஒருவராக இரண்டிரண்டு பேர் சேர்ந்து வீட்டுக்கே கொண்டுபோனீர்கள்.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. சாப்பாட்டு விஷயம்தானே என்று அவர் விடவில்லை. வட ஆற்காட்டுக்கும் இது புதிதில்லை: 1921-இல் திருப்பத்தூரில் டாக்டர் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கி, ஒரே கூரையின்கீழ் சரிசமமாக வாழ்ந்தார்கள். நற்கருணையில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிற நாம், வெளியே வந்ததும் இலைக்கு இலை ஆள் பார்ப்பது அந்தப் பாத்திரத்துக்கே அவமரியாதை.

எச்சில் இலையை எப்போதும் ஒரே தெருக்காரர் எடுக்கிற வழக்கத்தை இந்தமுறை விட்டோம். அவரவர் இலையை அவரவர் எடுத்தார்கள். முதல் இலையை எடுத்தவர் கமிட்டியில் மூத்த ஐயா.

கடைசியாக டம்ளர். காகித டம்ளர் மலிவு, கழுவும் வேலையும் இல்லை என்று பலரும் சொன்னார்கள். ஆனால் இரட்டைக் குவளை பார்த்த ஊரில், தூக்கி எறிகிற டம்ளர் கேள்வியையே மறைத்துவிடும். ஒருவர் குடித்ததைக் கழுவி இன்னொருவர் குடிக்க வேண்டும் என்பதற்காகவே 120 எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். பணம் கொடுத்தவர்களுக்கும், புளி போட்டு விளக்கி, இரண்டாம் பந்திக்குள் காயவைத்து அடுக்கிய அக்காமார்களுக்கும் நன்றி.

அந்த டம்ளர்கள் இப்போது கோயில் அலமாரியில் இருக்கின்றன. கல்யாணமோ, காரியமோ, எந்தத் தெரு வீட்டிலிருந்து கேட்டாலும் வாடகையில்லாமல் கொடுக்கப்படும். எண்ணிக் கொடுப்போம், எண்ணி வாங்குவோம்.

அன்புடன்,
ஐக்கிய விருந்து ஏற்பாட்டுக் குழுவினர்