முன்னறையை ஒழித்துக் கொடுத்த அப்பத்தாவுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி

அன்புடையீர்,

நம் கிளை அஞ்சலகம் வேறு ஊருக்குப் போகாமல் நம் ஊரிலேயே தொடர்ந்து இயங்கும் என்ற கடிதம் கைக்கு வந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. நான்கு மாதமாகப் பட்ட பாடு உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. மனு எழுதித் தந்த ஆசிரியர்கள், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய மகளிர் குழுவினர், கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றியவர்கள், மாதம் 100 ரூபாய்க்காவது தொடர் வைப்புக் கணக்குத் தொடங்குவோம் என்று வரிசையில் நின்ற நூறு நாள் வேலைக்காரர்கள் அனைவருக்கும் ஊரின் சார்பில் மனமார்ந்த நன்றி.

கிழக்குத் தெரு அப்பத்தாவை மட்டும் இந்த வரிசையில் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. கிளை அஞ்சலகங்களுக்குப் பெரும்பாலும் துறையின் சொந்தக் கட்டடம் கிடையாது. பொறுப்புக்கு வருகிறவர்தான் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அஞ்சலகம் நடந்துவந்த பழைய வீட்டின் ஓடு சரிந்த பிறகு, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் தேர்வாகி வெளி மாவட்டத்திலிருந்து போஸ்ட்மாஸ்டராக வந்திருக்கும் அந்த இளம்பெண் இங்கே யாரிடம் போய் இடம் கேட்பார்? நாங்கள் டீக்கடையில் கையைப் பிசைந்துகொண்டிருந்த அன்று சாயங்காலமே, அப்பத்தா முன்னறையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளைப் பின்தாழ்வாரத்துக்கு மாற்றி, தன் கட்டிலையும் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு, அறையைக் கழுவிவிட்டுச் சாவியைப் போஸ்ட்மாஸ்டரின் கையில் கொடுத்துவிட்டார். வாடகைப் பேச்சை எடுத்தபோது, "எம்மவன் திருப்பூர்லருந்து அனுப்புன மணியார்டர்லதான் இந்தச் செவரே எந்திரிச்சுச்சு. காசு வந்த வழிய நானே அடைப்பனா?" என்று கேட்டார். அதற்கு மேல் எங்களில் யாருக்கும் வாய் எழவில்லை.

கையில் போன் இருக்கும்போது தபாலாபீஸ் எதற்கு என்று கேட்கிறவர்கள், முதியோர் உதவித்தொகை வரும் நாளில் அந்தத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். கரிமூட்டம் போட்டுப் போட்டு ரேகை தேய்ந்த விரல்கள் கருவியில் பதிவதில்லை. போஸ்ட்மாஸ்டர் ஒவ்வொரு விரலையும் ஈரத்துணியால் துடைத்து, மறுபடி வைத்து, சற்றே அழுத்திப் பிடிக்கிறார். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ பதிகிறது. அந்த 1,200 ரூபாய்க்காக இந்தப் பெரியவர்கள் ஆறு கிலோமீட்டர் போய், ரேகை விழவில்லை என்று வெறுங்கையோடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமங்களில்தான் இருக்கின்றன. அவற்றில் எத்தனை, இப்படி யாரோ ஒருவர் ஒதுங்கிப் படுத்துக்கொண்டு விட்டுக்கொடுத்த அறையில் நடக்கின்றனவோ!

வீட்டுக்கு ஒரு கணக்காவது இந்த அஞ்சலகத்தில் தொடர்ந்து வைத்திருப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் அப்பத்தாவின் பின்தாழ்வாரத்துக்குத் தகரம் மாற்றி, சாரல் அடிக்காமல் ஒரு பக்கச் சுவரும் எழுப்பித் தருவோம், கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டது.

நன்றியுடன்,
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்