முன்னாள் படைவீரர் நலச் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள சக படைவீரர்களுக்கும், மறைந்த வீரர்களின் துணைவியருக்கும் பணிவான வணக்கம்.

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் சங்கக் கட்டடத்தில் கொடியேற்றப்பட்டது. ஜூலை 26 கார்கில் வெற்றி நாளும், டிசம்பர் 7 கொடிநாளும் வழக்கம்போல் அனுசரிக்கப்பட்டன. ‘ஸ்பார்ஷ்’ என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் ஆயுள் சான்று பதிவுசெய்ய நவம்பரில் உறுப்பினர்களுக்கு உதவி செய்யப்பட்டது. செயற்குழு உரிய காலங்களில் கூடியது. கோரம் (குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இல்லாமல் கலைந்த கூட்டங்களை இதில் சேர்க்கவில்லை.

இவ்வாண்டின் முதன்மையான பணி, ராணுவத்தில் நான்காண்டுப் பணிக்கு வீரர்களைச் சேர்க்கும் அக்னிவீர் நுழைவுத் தேர்வுக்கு நம் பகுதி இளைஞர்களைத் தயார்செய்யச் சங்கக் கூடத்தில் நடத்திய மாலை வகுப்பாகும். “ஓட்டம் சொல்லிக் கொடுத்தால் போதாதா, சங்கப் பணத்தில் டியூஷன் எதற்கு?” என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு அன்று நேரமின்மையால் பதில் சொல்ல இயலவில்லை, இப்போது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நாம் பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் முதலில் ஓட்டம், பிறகு மருத்துவப் பரிசோதனை, கடைசியில்தான் எழுத்துத் தேர்வு. 2023 முதல் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கணினி வழியாக நடக்கும் பொது நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே ஆள்சேர்ப்பு முகாமுக்கு அழைப்பு வருகிறது. ஆகவே 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி ஓட்டத்துக்கான முழு 60 மதிப்பெண்ணையும் வாங்கக்கூடிய பையன், கணக்கில் சறுக்கினால் மைதானத்தை எட்டிப் பார்க்கவும் முடியாது. ராணுவ கிராமம் என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இருக்கிற வேலூர் மாவட்டத்தில் இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது சற்று வருத்தமே.

சாதாரணப் படைவீரர்களுக்கான பொதுப்பணி (ஜெனரல் டியூட்டி) பிரிவில் 50 கேள்விகளுக்கு 100 மதிப்பெண், ஒரு மணி நேரம். அவற்றுள் 15 கேள்விகள் கணக்கு. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழிக்கப்படும். 25 சரியாகவும் 25 தவறாகவும் எழுதியவனுக்குக் கிடைப்பது 50 அல்ல, 37.5 என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகே, தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறிக்கும் பழக்கம் பையன்களிடம் குறைந்தது. காலையில் 5 நிமிடம் 30 விநாடியில் ஓடி முடித்த ஒருவனிடம், “உன் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர், தம்பி?” என்று கேட்டபோது விழித்தான். 1600 மீட்டரை 330 விநாடியால் வகுத்து, அதை மணிக்குக் கிலோமீட்டராக்க 18/5-ஆல் பெருக்கி, 17.45 என்று அவனே கண்டுபிடித்த அன்று முதல், காலம்-தூரக் கணக்குகளுக்கு வகுப்பில் யாரும் அஞ்சவில்லை.

2025ஆம் ஆண்டுத் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடந்ததால் பொதுப்பணிப் பிரிவினருக்கு மொழித் தடை நீங்கியது. ஆனால் கிளார்க், ஸ்டோர்கீப்பர் பிரிவின் 200 மதிப்பெண்ணில் சரிபாதி ஆங்கிலத்துக்கு. அந்தப் பகுதியில் தனியாக 32 எடுக்காவிட்டால் கணக்கில் எவ்வளவு வாங்கினாலும் தேற முடியாது. அதனால், கிளார்க்காகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் சுபேதார் ஐயா, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் நாளுக்குப் பத்துச் சொற்களை அவற்றின் எதிர்ச்சொற்களுடன் எழுதிச் சுவரில் குத்தி வைத்தார். மறுநாள் ஒப்பிக்காதவன் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கணக்கு நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். பேருந்துக் கட்டணம் தவிர எதையும் பெற்றுக்கொள்ளாத அவர் நம் சங்க உறுப்பினர் அல்லர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பதிவு செய்யக் காரணம் உண்டு. முறை வைத்து வகுப்பெடுப்பதாகச் சென்ற பொதுக்குழுவில் கையுயர்த்திய உறுப்பினர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மகள் வீட்டுப் பயணம், மற்றவர்களிடமிருந்து தகவலே இல்லை. பையன்களின் வருகைப் பதிவேட்டையும் செயற்குழுவின் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்திருக்கிறேன். விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பார்வையிடலாம். எனினும், தவறாமல் வந்த பையன்களில் பாதிக்கு மேற்பட்டோர் தேர்வில் தேறினர் என்பதையும், கட்டணம் 250 ரூபாய் கட்ட இயலாத சிலருக்குச் சங்கமே கட்டியது என்பதையும் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் அவர்கள் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு எதிர்பார்த்ததற்குக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு, கையிருப்பு கவலைப்படும் நிலையிலும் இல்லை, மகிழும் நிலையிலும் இல்லை. வகுப்புக்கான செலவு ‘இதர’ என்ற தலைப்பில் இருப்பது தணிக்கையாளரின் ஆலோசனைப்படியே. ஓய்வூதியத்தில் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை உயர்கிறது; நம் சந்தா ஒரு ரூபாய்கூட உயரவில்லை, உயராத அந்தச் சந்தாவும் பலரிடமிருந்து வந்து சேரவில்லை.

கூடத்தின் மின்கட்டணத்தை ஏற்றுக்கொண்ட நன்கொடையாளருக்கும், வினாத்தாள்களை அச்சு விலைக்கே நகலெடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும், தலைவர் உள்ளிட்ட நிர்வாகிகளுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

கிளார்க் பிரிவினருக்குத் தட்டச்சுத் தேர்வும் இருப்பதால், அடுத்த ஆண்டு வகுப்பைத் தொடர இரண்டு கணினிகளாவது தேவை. செல்போனிலேயே பழகிய பையன்களுக்குத் தேர்வு மையத்தில் மவுசைப் பிடிக்கவே கை வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்தாமல் மூலையில் கிடக்கும் கணினி உள்ளவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கேட்க மனமில்லை. வகுப்பெடுக்க முன்வருவோர் இம்முறை கையுயர்த்த வேண்டாம், பதிவேட்டில் கையொப்பமிட்டால் போதும். சந்தா நிலுவைப் பட்டியல் தயாராக இருக்கிறது. அடுத்த செயற்குழு வரை அதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்