வேட்டியை மடித்து வை

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள கட்டை,

நீ அனுப்பிய 3டி கண்ணாடிப் பெட்டி வந்து மூன்று வாரம். பதில் போடாததற்கு இதற்குள் திட்டித் தீர்த்திருப்பாய். வீட்டில் எல்லாரும் சுகம். மண்டோர் தாத்தா உன்னை விசாரித்தார். உன் எட்டு வெள்ளிக் கடனையும் விசாரித்தார்.

அவசரமாக எழுதுகிறேன். நம் பிள்ளைகளுக்குக் காட்ட நீ இரண்டு கேமராவில் எடுத்த திருவிழா 3டி படத்தை இன்னும் முடித்துவிடவில்லையே? முடித்திருந்தால் மறுபடி பிரி. அதற்கும் முன்னால், திரைக்கு எட்டு முழ வேட்டியே போதும் என்றாயே, அந்த வேட்டியை மடித்து அலமாரியில் வை. வேட்டியில் விழும் 3டி படம் வெறும் மங்கல் படம்தான்.

காரணம் இது. இரண்டு புரொஜெக்டரில் ஒரு கண்ணுக்குப் போகவேண்டிய ஒளியை ஒரு திசையில் அதிரவைத்து அனுப்புகிறோம், மற்றக் கண்ணுக்குப் போவதை அதற்குச் செங்குத்தான திசையில். கண்ணாடியின் ஒவ்வொரு வில்லையும் தன் திசை ஒளியை மட்டும் உள்ளே விடும். துணியில் விழும் ஒளி நூலுக்குள் புகுந்து பல தடவை முட்டி மோதி வெளியே வரும்போது திசையை மறந்துவிடும். இரண்டு கண்ணும் இரண்டு படத்தையும் பார்க்கும். உலோகப் பரப்பில் ஒளி ஒரே தடவை பட்டுத் திரும்புவதால் திசை பிழைக்கிறது. இப்படி 3டி காட்டும் சினிமாக் கொட்டகையில் வெள்ளித் திரை போடுவது பகட்டுக்கு இல்லை. சந்தேகமிருந்தால் டார்ச் விளக்கின் முன்னால் கண்ணாடியின் இடது வில்லையைப் பிடித்து வேட்டியில் அடி; அந்த வட்டத்தை இன்னொரு கண்ணாடியின் இடது வில்லை வழியாகவும் வலது வில்லை வழியாகவும் பார். இரண்டிலும் ஒரே வெளிச்சம். அதே சோதனையை அலுமினிய பெயிண்ட் அடித்த பலகையில் செய்தால் ஒன்றில் பளிச், மற்றதில் இருட்டு.

ஆகவே திரை என் பொறுப்பு. எட்டுக்கு நாலு பிளைவுட் மூன்றை நிறுத்திச் சேர்த்தால் பன்னிரண்டு அடி; படத்துக்கு 3 மீட்டர் அகலம் எடுத்துக்கொள்வோம். கூரைத் தகரத்துக்கு அடிக்கிற அதே சில்வர் பெயிண்ட்தான். பிரஷ்ஷால் அடித்தால் ஒவ்வொரு இழுப்பும் கோடாகத் தெரியும். ஸ்பிரேயில் மெல்லிசாக மூன்று பூச்சு. பளபள வார்னிஷ் மேலே வேண்டாம். வெள்ளித் திரைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: நடுவில் உட்கார்ந்தவனுக்குப் பளிச்சென்று காட்டும், ஓரத்துக்காரனுக்கு மங்கும். பெஞ்சுகளை அகலமாகப் பரப்பாமல் நீளவாக்கில் போட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடி நூறும் சரியாக இருக்கிறது, ஆனால் இரண்டு இனம் கலந்து கிடக்கிறது. நீ பார்க்கவேயில்லை, அப்படித்தானே? மாட்டிக்கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடு. திறந்த கண்ணின் வில்லை கறுப்பாகத் தெரிந்தால் அது வட்ட போலரைசர், சுழன்று அதிரும் ஒளிக்கானது; மூடிய கண்ணின் வில்லை கறுத்தால் நேர்கோட்டு போலரைசர், ஒரே கோட்டில் அதிரும் ஒளிக்கானது. இப்படிப் பிரித்ததில் 62 நேர்கோடு, 38 வட்டம். நீ புரொஜெக்டருக்கு வாங்கிய வடிகட்டிகள் நேர்கோட்டு வகை என்பதால் அந்த 38-ம் இந்தக் காட்சிக்கு உதவாது. 62 போதும், இரண்டு காட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு புரொஜெக்டரின் வடிகட்டியை 45 பாகைச் சாய்வில் பொருத்து, மற்றதன் வடிகட்டியை எதிர்ச் சாய்வில். உன் புரொஜெக்டர்களில் மூன்று எல்சிடி பலகம் இருப்பதால் ஒளி உள்ளேயே போலரைஸ் ஆகி, அதாவது ஒரே திசையில் அதிர்ந்துதான் வரும். அதிலும் பெரும்பாலும் பச்சை ஒரு திசை, சிவப்பும் நீலமும் அதற்குக் குறுக்கே. வடிகட்டியை நேராக வைத்தால் ஒரு கண்ணுக்கு எல்லாரும் பச்சை, மறு கண்ணுக்குக் கத்தரிப்பூ. 45-இல் மூன்று நிறமும் சமமாகப் பாதி இழக்கும், அவ்வளவுதான். லென்சை ஒட்டி வைக்காதே, சூட்டில் சுருண்டுவிடும். பத்து சென்டிமீட்டராவது தள்ளி வை. இந்த நேர்கோட்டு வகையில் தலையை நேராக வைத்துப் பார்க்கவேண்டும். 10 பாகை சாய்ந்தால் மற்றப் படத்தின் ஒளி 3 விழுக்காடு கசியும், 20 பாகையில் ஏறக்குறைய 12. முக்கால்வாசிப் பிள்ளைகள் அடுத்த பிள்ளையின் தோளில் சாய்ந்துதான் படம் பார்க்கும். என்ன செய்ய.

இதெல்லாம் சாமான் சங்கதி, சமாளித்துவிடலாம். எனக்குத் தூக்கம் வராத விஷயம் வேறு.

நீ அனுப்பிய மாதிரித் துண்டைப் பார்த்தேன். அதை உன் 32 அங்குலத் திரையில் வைத்துச் சரிபார்த்திருக்கிறாய். அந்தத் திரை 70 சென்டிமீட்டர் அகலம். பின்னால் தெரிகிற மலைக்கு இடக்கண் படத்துக்கும் வலக்கண் படத்துக்கும் அதில் 15 மில்லிமீட்டர் இடைவெளி. அழகாகத்தான் இருக்கும். அதையே 3 மீட்டருக்குப் பெரிதாக்கினால் இடைவெளி 6.4 சென்டிமீட்டர் ஆகிறது. வளர்ந்தவனின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அப்படியானால் நம் இரு கண்ணின் பார்வையும் இணைகோடாகப் போகும், மலை முடிவில்லாத் தூரத்தில் நிற்கும். பிள்ளைகளுக்கோ கண் இடைவெளி 5, 5.5 தான். அந்த மலையை ஒன்றாக்க அவர்களின் கண் வெளிப்பக்கம் விரியவேண்டும். பிள்ளைகள் என்ன பச்சோந்தியா? பத்து நிமிடத்தில் தலைவலி, பதினைந்தில் கண்ணாடியைக் கழற்றி ஒருவரையொருவர் அடிக்க ஆரம்பிப்பார்கள்.

ஆழம் என்பது திரையில் இல்லை, கட்டை. திரையில் இருப்பது பக்கவாட்டில் தள்ளி நிற்கும் இரண்டு புள்ளி. வலக்கண் புள்ளி வலப்பக்கமும் இடக்கண் புள்ளி இடப்பக்கமும் இருந்தால் இரு பார்வையும் திரைக்குப் பின்னால் சந்திக்கும். புள்ளிகள் இடம் மாறினால் திரைக்கு முன்னால் சந்திக்கும். சந்திக்கிற இடத்தில் பொருள் இருப்பதாக மூளை கணக்குப் போடுகிறது. ஆங்கிலேய இயற்பியலாளர் வீட்ஸ்டன் 1838-இலேயே முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டும் கோட்டுப் படம் இரண்டும் வைத்து இதைக் காட்டிவிட்டார். மாறின புள்ளிகளின் இடைவெளி கண் இடைவெளிக்குச் சமமானால் பொருள் சரியாகப் பாதித் தூரத்தில் நிற்கும்: முன் பெஞ்சு 3 மீட்டரில் என்றால் அங்கிருப்பவனுக்கு ஒன்றரை மீட்டரில், 8 மீட்டரில் உள்ள கடைசி பெஞ்சுக்கு நாலு மீட்டரில். ஒரே படம்தான், உட்காரும் இடத்துக்கு ஏற்ப ஆழம் நீளும். ஆனால் பார்வை எங்கே சந்தித்தாலும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் திரையின் தூரத்துக்கே குவியவேண்டும். இயற்கையில் சேர்ந்தே நடக்கிற இரண்டு வேலையை நாம் பிரிக்கிறோம். வலி அங்கேதான் பிறக்கிறது. முன் பெஞ்சுக்கு அதிகம்.

உன் 32 அங்குலத் திரையில் பின்னணி இடைவெளி 7 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. முன்னால் வருவதற்கு 12, அதுவும் சில நொடிகளுக்கு மட்டும். வழி சுலபம்: இடக்கண் படத்தை 4 மில்லிமீட்டர் வலமும் வலக்கண் படத்தை 4 மில்லிமீட்டர் இடமும் நகர்த்து. மலை 15-லிருந்து 7-க்கு இறங்கும். கூடவே மற்றதெல்லாமும் அதே 8 மில்லிமீட்டர் முன்னால் வரும், அங்கே ஒரு வம்பு. ஓரத்தில் பாதி உடம்போடு நிற்கும் தவில்காரர் திரைக்கு முன்னால் வந்துவிடுவார், ஆனால் பின்னால் இருக்கிற சட்டம் அவரை வெட்டும். பின்னால் உள்ளது முன்னால் உள்ளதை மறைக்குமா? மறைப்பு பெரிய சாட்சி, மூளை அதைத்தான் நம்பும், ஆழம் உடைந்துபோகும். இடக்கண் படத்தின் இடது ஓரத்திலும் வலக்கண் படத்தின் வலது ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை ஒட்டு. சட்டமே முன்னால் நகர்ந்து வந்தது போலாகும்.

தவில்காரரையே தூக்கிவிடு என்பதுதான் என் யோசனை. இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் லென்ஸ்களுக்கு நடுவே 13 சென்டிமீட்டர். மிக அருகில் இருக்கும் பொருள் அந்த இடைவெளியைப்போல் முப்பது மடங்கு தள்ளி இருக்கவேண்டும் என்பது பழைய விதி. ஏறக்குறைய 4 மீட்டர். அவர் ஒன்றரை மீட்டரில் நிற்கிறார். 13 என்பதால் இன்னொன்றும் நடந்திருக்கிறது, தேர் பொம்மைத் தேர் மாதிரி இருக்கிறது. கண்ணைவிட அகலமாகப் பார்த்தால் மூளை உலகத்தைச் சின்னதாக்கிக்கொள்ளும். அடுத்த வருடம் சின்ன கேமரா கொண்டுவா.

தேர் குறுக்கே போகும் காட்சியில் ஒன்றைக் கவனித்தாயா? சக்கரங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகின்றன. இரண்டு கேமராவும் ஒரு ஃபிரேம் முன்பின்னாக ஓடியிருக்கின்றன. நகர்கிற பொருளுக்கு நேர வித்தியாசமும் இட வித்தியாசம்தான். ஒரு கண்ணில் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டு ஊசல் ஆடுவதைப் பார், நேராக ஆடுவது வட்டமடிக்கும். இருண்ட கண் சேதியைத் தாமதமாக அனுப்புகிறது. ஜெர்மன் இயற்பியலாளர் புல்ஃபிரிச் 1922-இல் எழுதியது. இதனால்தான் இரண்டு புரொஜெக்டரின் விளக்கும் ஒரே வெளிச்சத்தில் இருக்கவேண்டும், ஒரே கணினியின் இரண்டு வெளியீட்டிலிருந்து ஓடவேண்டும். மேலும் கீழுமாக அடுக்கி, கட்டம் போட்ட படத்தைக் காட்டி, நடுவை முதலில் பொருத்து, பிறகு நாலு மூலை. மேல்கீழ் வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள் வரட்டும். கண் பக்கவாட்டில் மன்னிக்கும், மேல்கீழாக மன்னிக்காது.

ஆரம்பத்தில் ஒரு நிமிடம் பால்மர (ரப்பர்) நிரை வை. வரிசை ஒடுங்கிப் போவதும் மரம் சிறுத்துக்கொண்டே போவதும் ஒற்றைக் கண்ணுக்கே ஆழம் காட்டும். இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாறுகண்ணோ சோம்பல் கண்ணோ உள்ள பிள்ளைக்கு இந்த வித்தை எதுவும் தெரியாது. எல்லாரும் கை நீட்டும்போது அது மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வோம். பெயரைக் குறித்துவைத்துப் பெற்றோரிடம் சொல்லவேண்டும், கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லி. சின்ன வயதில் பிடித்தால் நன்றாகத் திருத்தலாம், வளர்ந்தபின் கடினம். ஆறாம் லயத்தில் நாமெல்லாம் யாரைக் கேலி செய்தோம் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும்.

ஏதாவது கெட்டுப்போனால் கைவசம் இருக்கட்டும் என்று சிவப்பு-நீலப்பச்சைக் காகிதக் கண்ணாடி ஐம்பதும் வாங்கிவிடு. அதற்கு உன் வேட்டியே போதும், சந்தோஷமா? ஆனால் சிவப்புச் சேலை ஒரு கண்ணில் வெளுத்தும் மறு கண்ணில் கறுத்தும் மினுக்கும். திருவிழாவில் சிவப்புக்கா பஞ்சம்.

திருத்திய கோப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. இடம் எது, வலம் எது என்று பெயரிலேயே எழுதித் தொலை. மாறினால் மலை முன்னால் வந்து தேர் உள்ளே போய்விடும். போன தடவை மாதிரி ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘இதுதான் புதுசு’ என்று மூன்று வந்தால் எட்டு வெள்ளியைத் தாத்தா சார்பில் நானே வந்து வசூலிப்பேன்.

உன்,
நெட்டை