துப்புவதற்கு ஒரு பாட்டில்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை பாடாங் பிரவுன் திடலில் என் பையனுக்குக் காற்பந்து ஆட்டம். இடைவேளையில் பயிற்றுநர் மாவுச்சத்து கலந்த பானம் இருந்த ஒரு பாட்டிலை நீட்டி, குடிக்காதே, கொப்பளித்துத் துப்பு என்றார், பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "இது என்ன கூத்து, பிள்ளை குடிக்கட்டுமே!" என்று சத்தம் போட்டேவிட்டார்.

முழுக்கக் கூத்து என்றும் சொல்ல முடியாது. 2004-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், 6.4 சதவீத மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) கரைசலைக் கொப்பளித்துத் துப்பிய சைக்கிள் வீரர்கள் ஒரு மணி நேர ஓட்டத்தை ஏறத்தாழ 3 சதவீதம் சீக்கிரம் முடித்தார்கள், வயிற்றுக்குள் ஒரு சொட்டும் போகாமலேயே. வாயில் மாவுச்சத்து பட்டதும் மூளைக்குச் சேதி போய்விடுகிறதாம். சாக்கரின் என்ற செயற்கைச் சர்க்கரையின் வெறும் இனிப்புக்கு மூளை அப்படி அசையவில்லை என்று 2009-இல் படம் பிடித்தும் பார்த்துவிட்டார்கள்.

சரி, அது சைக்கிள். காற்பந்தில் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி பாய வேண்டும். அங்கே வந்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்புறம், இந்தப் பினாங்கு வெயிலில், காலையில் பாதி ரொட்டி சானாயோடு ஓடி வந்த பத்து வயதுப் பையன் துப்பி என்ன ஆகப்போகிறது? பயிற்றுநர்களே, முதலில் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.

ஒரு தகப்பன்,
ஜெலுத்தோங், பினாங்கு