மாடி அறையில் இருந்த புத்தகம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலை. பெரியத்தை வீட்டு விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது. அதை அம்மா விவரமாகச் சொல்வாள்.

வெள்ளையடிப்பதற்காக மாடி அறையை ஒழித்தபோது, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் கதைகளும் கவிதைகளும் முழுவதுமாக அடங்கிய உன் தடித்த புத்தகம் கைக்குக் கிடைத்தது. லிப்கோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு நான்கைந்து பக்கமாக மூன்று மாதமாய்ப் படித்து வருகிறேன். பள்ளிக்கூடத்திலேயே நீ இதையெல்லாம் அகராதி இல்லாமல் படித்தாய் என்பதை நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது. அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம்.

பேய்க்கதைகள் என்று எண்ணித்தான் தொடங்கினேன். பெரும்பாலானவற்றில் பேயே இல்லை. கிழவரைக் கொன்று தரைப்பலகைக்கு அடியில் மறைத்தவன், தனக்குப் பைத்தியம் இல்லை என்று எத்தனை நிதானமாக நம்மிடம் வாதாடுகிறான்! வந்த போலீஸ்காரர்கள் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்க, அவன் காதுக்கு மட்டும் அந்தக் கிழவரின் இதயத்துடிப்பு கேட்கிறது. ஆனாலும் 1839-இல் வெளிவந்த அஷர் வீட்டின் கதையைத்தான் நான் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறேன். கூரையிலிருந்து குளம் வரைக்கும், கூர்ந்து பார்த்தாலன்றித் தெரியாத ஒரு விரிசல் சுவரில் ஓடுவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, முடிவில் அந்த விரிசல் வழியாகவே வீட்டைப் பிளந்து விழச் செய்கிறார். அந்தக் கதையில், நோயுற்றவன் எழுதிய ஒரே ஒரு கடிதத்துக்காக, பல ஆண்டுகள் பார்த்திராத நண்பன் குதிரையேறி வந்து சேர்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ போட்ட கோடுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். பென்சில் கோடுகள் மங்கியிருக்கின்றன. அவை பள்ளி நாட்களில் போட்டவை என்று புரிந்துகொண்டேன். தனிமையைப் பற்றிய அந்தச் சிறு கவிதையின் ஓரத்தில் மட்டும் நீல மையில் ஒரு கோடு இருக்கிறது. 1829-இல், இருபது வயதில் அவர் எழுதி, அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்து 1875-இல் வெளிவந்த கவிதை அது. சிறு வயதிலிருந்தே மற்றவர்கள் பார்த்ததுபோல் தான் பார்க்கவில்லை என்றும், நேசித்ததையெல்லாம் தனியாகவே நேசித்ததாகவும் சொல்கிறார். அந்த மை புதியது. பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது இரவு இரண்டு மணிக்கும் மாடியில் விளக்கு எரிந்தது எனக்குத் தெரியும். இராத்திரியில் நேரத்தோடு படு. இப்படிப்பட்ட கவிதைகளைப் பகலில் படி.

அண்டங்காக்கைக் கவிதையை வாய்விட்டுப் படித்தேன். 1845-இல் அது அச்சானபோது அமெரிக்கா முழுதும் பேசப்பட்டதில் வியப்பில்லை. பதினெட்டுப் பத்திகளும் ஒரே ஓசையில் வந்து முடிவதைக் கேட்டு அம்மாவே அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அந்தப் பறவைக்குத் தெரிந்தது ஒரே சொல் என்று கவிதையில் பேசுகிறவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகிறான். தொலைபேசியில் நான் எது கேட்டாலும் நீ ‘நல்லா இருக்கேன்’ என்கிறாய். ஆடி மாதத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. வேலை மிகுதி என்றால் இரண்டு வரி எழுதலாம். வேளைக்குச் சாப்பிடு. நேரத்தோடு படு.

முன்னுரையில் படித்த ஒரு செய்தி என்னை விட்டு அகலவில்லை. போவுக்கு மூன்று வயது நிறையும் முன்பே, 1811 டிசம்பரில் தாய் இறந்துவிட்டாள். ரிச்மண்ட் நகரத்துப் புகையிலை வணிகர் ஜான் ஆலன் அவரை எடுத்து வளர்த்தார். சட்டப்படி தத்து எடுக்கவில்லை. 1826-இல் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர், செலவுக்குப் போதுமான பணம் தரவில்லை என்பது பிள்ளையின் குறை. சூதாடிக் கடன் வைத்தான் என்பது பெரியவரின் குறை. 1833 ஏப்ரலில், வேலையும் ஆதரவும் இல்லாமல் அழிந்துகொண்டிருக்கிறேன், காப்பாற்றுங்கள் என்று பால்டிமோரிலிருந்து போ எழுதினார். ஆலன் உதவவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்திருந்த மற்றொரு கடிதத்தின் மீதே, இவன் நன்றி கெட்ட நெஞ்சினன் என்று தன் கைப்பட எழுதி வைத்தார். 1834-இல் ஆலன் இறந்தபோது உயிலில் போவுக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுதாத அந்த மனிதரின் பெயர்தான் இன்றும் போவின் பெயருக்கு நடுவில் நிற்கிறது.

திருடப்பட்ட கடிதத்தின் கதையை நேற்று முடித்தேன். போலீசார் நாற்காலி மெத்தைகளைக்கூட ஊசியால் துளைத்துத் தேடுகிறார்கள். கடிதமோ எல்லார் கண்ணிலும் படும்படி அட்டைச் செருகியில் கிடக்கிறது. படித்து முடித்ததும் எழுந்து போய், முன்னறைக் கம்பியில் மின்கட்டண ரசீதுகளோடு குத்தி வைத்திருந்த உன் கடிதத்தை எடுத்தேன். இரண்டாம் ஆண்டில் விடுதியிலிருந்து நீ எழுதியது. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவரவில்லை அப்பா, இராத்திரியில் தூக்கம் இல்லை, வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். அதன் பின்புறத்தில் என் கையெழுத்தில், மணியார்டர் ரூ. 800 அனுப்பியாயிற்று என்று தேதியோடு கணக்கு இருக்கிறது. மணியார்டர் படிவத்தில் செய்தி எழுதக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். அதை நான் வெறுமையாகவே விட்டேன். பணம் கேட்டு நீ எழுதவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. கண்டித்தால் உடைந்துவிடுவாய், வா என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தேன். அதன்பின் நீ அப்படி ஒரு கடிதம் எழுதவே இல்லை. படிப்பை முடித்தாய், வேலைக்குப் போனாய், நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். வந்துவிடு. விடுப்பு கிடைத்தாலும் சரி, வேலையை விட்டுவிட்டு வந்தாலும் சரி, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம். மாடி அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். அதிலுள்ள நீண்ட கடற்பயணக் கதையை மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை. எந்தக் கிழமை வருகிறாய் என்று அம்மாவிடம் சொன்னால் போதும், நான் பஸ் நிலையத்தில் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா