எறவாணத்தை மட்டும் பிரிச்சாலே போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

குடியாத்தத்துல இருந்து எழுதுறேன். ஐப்பசி மழைக்கு முன்னாடி இது நாலு பேருக்கு போய் சேரணும், ஓட்டு வீட்ல இருக்கிறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை எறவாணத்தை, அதான் செவுத்தை தாண்டி நீட்டிக்கினு இருக்கிற கூரையோட கீழ் ஓரத்தை, அண்ணாந்து பாருங்க.

எங்களுது நைனா காலத்து சீமை ஓட்டு வீடு, உள்ள தறி ஓடுது. 15 வருஷம் முன்னாடி ஓட்டை தாங்குற ரீப்பர் கட்டைங்களை மாத்தும்போது ஓட்டுக்கு அடியில தார் ஷீட் விரிச்சோம். போன மழையில தறிக்குழியில தண்ணி நின்னுடுச்சி, தறியில இருந்த பாவு நூலு நனைஞ்சி கறை புடிச்சிக்கிச்சி. மேல ஏறிப் பாத்தா ஒரு ஓடு கூட உடையல. பாக்க வந்த ரெண்டு மேஸ்திரிங்களும் மொத்தத்தையும் பிரிச்சிட்டு தகர ஷீட் போட்டுக்கோங்கன்னுட்டாங்க, நம்ம வேலூர் மாவட்டத்து கத்திரி வெயில்ல தகரத்துக்கு கீழ நாள் முழுக்க உக்காந்து எப்படிங்க நெய்யிறது?

அப்பால பேர்ணாம்பட்டு பக்கத்துல இருந்து ஒரு வயசான ஓட்டு வேலைக்காரரை தேடிப் புடிச்சி இட்டுக்கினு வந்தோம். அவரு கீழ் ரெண்டு வரிசை ஓட்டை மட்டும் எறக்கி காட்டினாரு. மேல ஷீட் நல்லாத்தான் இருக்குது, வெயில் படுற கடைசி ஒரு அடி மட்டும் தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. ஓரப் பலகைக்கு பின்னாடி அது தொங்கிப்போயி பள்ளமாகி, வெளிய விழ வேண்டிய தண்ணி அங்க தேங்கி செவுத்து தலைமேலயே எறங்கி இருக்குது. கூரையை தாங்குற கைமரத்து நுனியில ஸ்க்ரூடிரைவரை வெச்சதும் பாதி உள்ள போச்சி, எனக்கு வயித்தை கலக்கிடுச்சி. 2021 நவம்பர் மழையில பேர்ணாம்பட்டுல வீட்டு செவுரு விழுந்து 9 பேரு செத்ததை நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

அவரு செஞ்சது இதுதான். மக்கிப்போனதை நல்ல ஷீட் வர்ற வரைக்கும் அறுத்து எடுத்தாரு, புது கெட்டி ஷீட்டை பழசுக்கு அடியில அரை அடி சொருகினாரு, மேல வெச்சா தண்ணி இடுக்குல பூந்துடும்னு ரெண்டு மூணு தடவை சொன்னாரு. திரும்ப தொங்காம இருக்க அடியில ஒரு தகரப் பட்டை, ஷீட்டு நுனி பலகையை தாண்டி ரெண்டு விரக்கடை வெளிய. கைமரத்துல மக்கினதை வெட்டிட்டு புதுக்கட்டையை பக்கத்துல சேத்து போல்ட் போட்டாரு. எல்லாம் சேத்து ரெண்டே நாள் வேலை. அணில் பூருதுன்னு நாங்க எறவாண சந்தை சிமெண்ட் வெச்சி அடைச்சிருந்தோம், அதை பாத்துட்டுதான் ரொம்ப கோச்சிக்கினாரு, காத்து போகலன்னா ஈரம் காயாது, மரம் மக்கும், கரையான் வரும், கம்பி வலை அடிங்கன்னாரு.

ஒரே ஒரு கவலைதாங்க. இந்த வேலை தெரிஞ்சவங்க எங்க ஊர்ப்பக்கம் விரல் விட்டு எண்ற அளவுக்குத்தான் இருக்காங்க, அவரு புள்ளைங்களும் இந்த தொழிலுக்கு வரல. நம்ம ஐடிஐ-ங்கள்ல தச்சு வேலை படிக்கிற பசங்களுக்கு ஓட்டுக் கூரை ரிப்பேரையும் ஒரு பத்து நாள் சொல்லிக்குடுக்க கலெக்டர் ஐயா ஏற்பாடு பண்ணணும். மழைக்கு முன்னாடி உங்க பேப்பர்லயும் படம் போட்டு விளக்கினா ரொம்ப புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
நெசவுக் குடும்பத்து வாசகர்,
குடியாத்தம்.