அந்த வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டவனுக்கு

தோழர்,

பெயர் போடவில்லை. பலர் படிக்கிற இடம் இது, உனக்கு இன்னும் ரயில்வே ஷாப்பில் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. தோழர் என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பாய். தம்பி என்று எழுதினால் அதைவிட மோசம். எனவே பழையபடியே.

இன்று ஏப்ரல் 11. 2019-ல் சூடான் அதிபர் ஒமர் அல் பஷீர் பதவியிலிருந்து இறக்கப்பட்ட நாள். 1989 ஜூன் 30-ல் பிடித்த நாற்காலி, முப்பது வருடம். அது உனக்குத் தெரிந்த கதை, திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் எழுத வந்தது அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, 2019 ஏப்ரல் 23-ல், அட்பராவிலிருந்து போராட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைநகர் கார்த்தூமுக்கு வந்து சேர்ந்த அந்த ரயிலைப் பற்றி.

ஜமாலியா டீக்கடையில் ஒரே போனில் ஆறு பேர் தலையை நுழைத்துப் பார்த்தோம். கூரை தெரியாத அளவுக்கு ஆட்கள், ஜன்னல் கம்பியில் ஆட்கள், இரண்டு பெட்டிக்கு நடுவே கப்ளிங் மேல் ஆட்கள், கொடிகள். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இஞ்சின் கூட்டத்துக்குள் ஊர்ந்து வருகிறது. எல்லோரும் கூரையைப் பார்த்துக் கைதட்டினோம். நீ மட்டும் தட்டவில்லை. "கூரை மேல ஏறினவன் கதைய வுடு தோழர். வண்டிய ஓட்னது யாரு?"

"மக்கள்தான்" என்றேன் நான்.

"மக்களுக்கு லைன் கிளியர் குடுக்கத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். இத்தனை வருடம் கழித்துப் பதில் எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிப்பு. உன் கேள்விதான் சரியான கேள்வி, சங்கத்தில் நான் நடத்திய வகுப்புகள் எல்லாம் கூரையைப் பற்றியவைதான்.

சுமார் 300 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒரு வண்டி ஓட வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று என்னைவிட உனக்குத் தெரியும். டீசல் ஊற்றுகிறவன், பெட்டிகளைக் கோத்து பிரேக் பார்த்துக் கொடுக்கிறவன், இஞ்சினில் ஆள், வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் லைன் கிளியர், அதாவது வண்டி போக அனுமதி, கொடுக்கிறவன், பாயிண்ட்டைத் திருப்புகிறவன். இதில் ஒருவன் "எனக்கு உத்தரவு வரவில்லை" என்று சொல்லியிருந்தால் கூரை மேல் இருந்தவர்கள் அட்பரா யார்டிலேயே கொடி ஆட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். அந்த ஊரில் சொல்ல மாட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவம் போட்ட ரயில் பாதையில் முளைத்த ஊர் அது, நம் பெரம்பூர் மாதிரி ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி விடிகிற ஊர். 1940-களிலேயே சங்கம் கட்டி வேலையை நிறுத்தியவர்கள். அதனால்தான் பஷீர் வந்ததும் முதல் வேலையாகச் சங்கங்களைக் கலைத்தார், ரயில்வேக்காரர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்.

எழுச்சியும் அந்த ஊரில்தான் பற்றியது. 2018 டிசம்பர் 19. ஒரு சூடான் பவுண்டுக்கு விற்ற ரொட்டி மூன்று பவுண்டு ஆனது, பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், அன்றே ஆளுங்கட்சி ஆபீஸ் எரிந்தது. ரொட்டி விலை மட்டும் காரணம் என்று நான் வகுப்பில் சொன்னது அரைகுறை. 2011-ல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய்க் கிணறுகளில் முக்கால் பங்கு அங்கே போய்விட்டது. டாலர் வரத்து நின்றது. கோதுமைக்குக் கொடுக்க டாலர் இல்லை, பெட்ரோலுக்கு இல்லை, கடைசியில் ஏடிஎம்-மில் வைக்க அவர்கள் சொந்த நோட்டே இல்லை. சம்பளம் பேங்கில் இருக்கிறது, கையில் வராது. நாள் முழுக்க வரிசையில் நிற்க வைத்தால் என்ன ஆகும்? வரிசையே கூட்டம் ஆகிவிடும்.

2013-லும் கூட்டம் வந்தது, சுட்டுத் தள்ளினார்கள், அடங்கியது. 2018-ல் ஏன் அடங்கவில்லை? கூட்டத்துக்குப் பின்னால் இந்தத் தடவை கால அட்டவணை இருந்தது. டாக்டர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள், பத்திரிகையாளர்கள் சேர்ந்து நடத்திய தொழில்முறையாளர் கூட்டமைப்பு முதலில் கேட்டது குறைந்தபட்ச ஊதியம். டிசம்பர் 25-ல் பார்லிமென்டுக்கு மனு கொடுக்கப் போக இருந்தவர்கள், தெரு சூடாக இருப்பதைப் பார்த்து ஊர்வலத்தை அரண்மனைப் பக்கம் திருப்பி, 'பதவி விலகு' என்று கோரிக்கையை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வாரம் முன்கூட்டியே அறிவிப்பு: எந்தக் கிழமை, எந்தப் பேட்டை, எத்தனை மணி. பெரும்பாலும் பகல் 1 மணி. 'புரட்சி நேரம்' என்றே அதற்குப் பெயர். ஒரே இடத்தில் கூடினால் உளவுத்துறை வண்டிகள் சுற்றி வளைத்துவிடும். பத்துப் பேட்டையில் ஒரே நேரத்தில் இருநூறு பேர் கிளம்பினால் வண்டிகள் பத்தாகப் பிரிய வேண்டும். கிளம்புவதற்கு சிக்னல் என்ன தெரியுமா? பெண்கள் போடும் குலவை. ஒரு சந்தில் குலவை கேட்டால் நாலு சந்திலிருந்து ஆட்கள் வருவார்கள். தெருவுக்குத் தெரு எதிர்ப்புக் குழு, அதில் ஒருவரை ஒருவர் பிறந்ததிலிருந்து தெரியும், உளவாளி நுழைய முடியாது. மேலே கூட்டமைப்பின் தலைவர்கள் யார் என்று பல மாதம் வெளியே தெரியாது. பெயர் போடாததன் பலன் அது. 1974-ல் நம்முடைய ரயில்வே ஸ்ட்ரைக் மே 8-ல் ஆரம்பம், தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைப் பிடித்தது மே 2-ல். அந்தப் பாடத்தை அவர்கள் படித்திருந்தார்களா என்று எனக்கு ஒரு வேடிக்கையான ஆசை உண்டு.

ஏப்ரல் 6-ஐத் தேர்ந்தெடுத்ததும் கணக்குதான். 1985-ல் அப்போதைய சூடான் அதிபர் நிமெய்ரி விழுந்த தேதி அது. நாலு நாள் முன்னால்தான் அல்ஜீரியாவில் அதிபர் பூத்தஃப்லிகா ராஜினாமா செய்திருந்தார். போன இடம் அரண்மனை அல்ல, ராணுவத் தலைமையகம். ஏனென்றால் பஷீர் குடியிருந்ததே அந்த வளாகத்தில், அதோடு உளவுத்துறை அங்கே சுட்டால் ராணுவத்தின் வாசலில் சுட்டதாக ஆகும். அதுதான் நடந்தது. 7, 8 தேதிகளில் உளவுத்துறை சுட வந்தபோது கீழ்மட்ட அதிகாரிகளும் கடற்படைச் சிப்பாய்களும் கூட்டத்துக்குக் கேட்டைத் திறந்துவிட்டுத் திருப்பிச் சுட்டார்கள். ஜெனரல்களுக்கு அப்போது இருந்த வழி இரண்டு: சொந்தச் சிப்பாயைச் சுடுவது, அல்லது பஷீரைக் கொடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது. இரண்டாவதைத் தேர்ந்தார்கள். 'ராணுவம் மக்கள் பக்கம் வந்தது' என்று நான் பலகையில் எழுதினேனே, அதை அழித்துவிடு.

தலைமையக வாசலில் மக்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் பற்றி நான் சொன்னது மட்டும் பொய் இல்லை. நடைபாதைச் செங்கல்லைப் பெயர்த்து அடுக்கிய தடுப்புகள், நுழைகிற ஒவ்வொரு வழியிலும் சோதனை, ஆணை ஆண், பெண்ணைப் பெண். 'கையைத் தூக்குங்க, மரியாதையாத்தான் தேடுவோம்' என்று பாட்டாகவே பாடித் தேடினார்கள். பணப்பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள்: 'இருந்தால் போடு, இல்லையென்றால் எடு.' மேலே ரயில் பாலத்தில் உட்கார்ந்து இரும்பைக் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தார்கள், இரவு பகல். இதைச் சொல்லும்போது நீ மட்டும் சிரிக்காமல் கேட்டாய். எனக்கு அந்த முகம் நினைவிருக்கிறது.

சரி, இனி அந்த மற்ற விஷயம்.

எழுச்சி தொடங்கிய வாரமே அரசாங்கம் ஒரு கதை கட்டியது: இதெல்லாம் நாட்டின் மேற்கே இருக்கிற டார்பூர்க்காரன் வேலை, அந்த மாணவர்கள்தான் நாசவேலை செய்கிறார்கள் என்று. கார்த்தூம் தெரு திருப்பிக் கத்தியது: 'ஏ இனவெறியனே, அகங்காரனே, நாடு முழுக்க டார்பூர்தான்.' பல வருடம் டார்பூரில் கிராமங்கள் எரிந்தபோது வாய் திறக்காத தலைநகரம் அது. அந்த ஒரு வரி போடவில்லையென்றால் அந்த வாரத்திலேயே கூட்டத்தை இரண்டாகப் பிளந்திருப்பார்கள்.

நீ அன்று டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு மெதுவாக, "நம்ம ஆளுங்க 1921-ல இந்தக் கோஷம் போட்டாங்களா?" என்றாய்.

நான் பேச்சை மாற்றினேன்.

1918 ஏப்ரல் 27-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதன் தலைவர்கள் வாடியா, திரு.வி.க. என்று மணிக்கணக்கில் பேசுவேன். 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருவருக்கு எழுந்து நிற்கச் சொல்வேன். 1921 வந்தால் 'நீண்ட வேலைநிறுத்தம், அடக்குமுறை, தோல்வி' என்று மூன்று சொல்லில் தாண்டிவிடுவேன். பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியதும், புளியந்தோப்பில் சேரிகள் எரிந்ததும், ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டதும் உன் பாட்டி வீட்டுத் திண்ணையில் நீ கேட்டு வளர்ந்தவை. எனக்கும் தெரியும். ஏன் சொல்லவில்லை? சொன்னால் வகுப்பு உடையும் என்று நினைத்தேன். பிள்ளைகள் இப்போதுதான் ஒன்றாக உட்காருகிறார்கள், பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்றார்கள். யார் சொன்னது என்று இங்கே எழுத மாட்டேன். சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் இதைப் படிக்கிறார்கள். அந்தப் பயமும் முழுக்கப் பொய் இல்லை. ஆனால் வேலைக்குத் திரும்பியவனைத் துரோகி என்றோமே தவிர, கடன்காரன் வாசலில் நிற்கிறவனுக்கு அந்த மாதங்களில் சங்கம் என்ன கொடுத்தது என்று கேட்கவில்லை. வேலைநிறுத்த நிதி யாருக்கு எவ்வளவு போனது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். திறந்த பணப்பெட்டியைப் பற்றிக் கண் கலங்கிப் பேசிய நான் அதைக் கேட்கவே இல்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் நீயும் செய்தது சரியில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த மாதம் சந்தா கட்டவில்லை, போன் எடுக்கவில்லை. உன்னோடு நாலு பேர் போனார்கள். 'அவங்க சங்கம், அவங்க கதை' என்று நீ வெளியே சொன்னதாகக் காதில் விழுந்தது. உட்கார்ந்து சண்டை போட்டிருக்கலாம். என்னைக் கத்தியிருக்கலாம். நான் அதற்குத் தகுதியானவன்தான்.

வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கும் சூடானே சாட்சி. 2019 மே 28, 29-ல் இரண்டு நாள் பொது வேலைநிறுத்தம். பேங்க், ஏர்போர்ட், துறைமுகம் எல்லாம் நின்றது. போர்ட் சூடான் துறைமுகக்காரர்கள் ஏற்கெனவே பிப்ரவரியில் கண்டெய்னர் முனையத்தை பிலிப்பைன்ஸ் கம்பெனிக்குக் கொடுப்பதை எதிர்த்து நிறுத்திப் பழகியவர்கள். ஆனால் இரண்டு நாள் என்று முன்பே சொல்லிவிட்டால் எதிராளி மூன்றாம் நாளுக்குக் காத்திருப்பான். ஜூன் 3, ரம்ஜான் 29. விடிகாலையில் படைக்காரர்கள் பந்தலுக்குள் நுழைந்தார்கள். நூறுக்கு மேல் பிணம், சிலவற்றைச் செங்கல் கட்டி நைலில் போட்டிருந்தார்கள். இன்டர்நெட்டை அறுத்தார்கள். அந்த இருட்டிலும் தெருக்குழுக்கள் வீடு வீடாகப் போய் ஜூன் 30-க்கு லட்சக்கணக்கில் ஆட்களைத் திரட்டின. மேலே உட்கார்ந்தவர்கள் அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது என்ன? ராணுவத்தோடு ஆகஸ்ட் 17 உடன்படிக்கை. நாட்டை நடத்த 11 பேர் கவுன்சில், முதல் 21 மாதம் தலைமை ராணுவத்துக்கு. ஹெமெத்தி என்ற தளபதியின் துணைப்படை, டார்பூரை எரித்தவர்களிலிருந்து 2013-ல் கட்டிய படை, ராணுவத்தோடு சேர்த்து தேசிய ராணுவ அமைப்பு என்று எழுத்திலேயே ஏறியது. தங்கச் சுரங்கம் அவர்களிடம், கம்பெனிகள் ராணுவத்திடம். பிரதமர் ஹம்தோக் கையில் பேனா மட்டும். நாட்டின் பொது வளத்தில் சுமார் 80 சதவீதம் நிதி அமைச்சகத்துக்கு வெளியே இருக்கிறது என்று அவரே சொன்னார். தலைமை சிவிலியன் கைக்கு மாற வேண்டிய நேரம் நெருங்கியபோது, 2021 அக்டோபர் 25, ராணுவத் தளபதி புர்ஹான் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். 2023 ஏப்ரல் 15-ல் ராணுவம், துணைப்படை என்ற அந்த இரண்டு துப்பாக்கியும் ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன. 2025 அக்டோபரில் டார்பூரின் எல் ஃபாஷர் நகரம் துணைப்படையிடம் விழுந்தது. திரும்பவும் டார்பூர்.

'நாடு முழுக்க டார்பூர்' என்று தெருவில் கத்தியவர்கள், மேசையில் உட்கார்ந்தபோது டார்பூரை எரித்தவனுக்கு நாற்காலி கொடுத்தார்கள். தெருக்குழுக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். ஆனால் மேசையில் அவர்களுக்கு இடம் இல்லை. மேசையில் இடம் கேட்காமல் எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணுகிறேன். நீ கோபப்படுவாய். படு.

வண்டியை ஓட்டியவன் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. ஓட்டியவர்கள் கார்த்தூமில் இறங்கி, அடுத்த நாள் திரும்ப அட்பரா யார்டுக்குத்தான் போயிருப்பார்கள். உடன்படிக்கைப் போட்டோவில் ஜெனரல்கள் இருக்கிறார்கள், அவர்கள் இல்லை. உன் கேள்விக்கு அவ்வளவுதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது.

இந்த வருடம் ஏப்ரல் 27 துண்டறிக்கையில் 1921-க்கு ஒரு முழுப் பத்தி போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்டியிருப்பார்கள். இரண்டு பக்கம், 2,000 பிரதி, காலை ஷிப்ட் கேட்டில். ப்ரூஃப் என்னிடம் இருக்கிறது. புளியந்தோப்பில் நடந்ததற்கு 'கலவரம்' என்று போட்டிருக்கிறேன். அந்தச் சொல் இடிக்கிறது, எனக்கு வேறு சொல் வரவில்லை. உங்கள் வீட்டில் அதை என்ன சொல்லிப் பேசுவார்கள் என்று 20-ம் தேதிக்குள் ஒரு மெசேஜ் போடு. அதற்குப் பிறகு பிரஸ்ஸில் கை வைக்க விட மாட்டார்கள்.